பஸ் நேரத்துக்குள் ஒரு மன்றம்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை 230 பிள்ளைகள். இலக்கிய மன்றம், அறிவியல் மன்றம், பசுமைப்படை, ஜே.ஆர்.சி. (இளஞ்செஞ்சிலுவைச் சங்கம்), சாலைப் பாதுகாப்பு, நுகர்வோர் மன்றம் என்று பதிவேட்டில் எட்டு மன்றங்கள் இருக்கின்றன. நடப்பதென்னவோ போட்டோ எடுத்து அனுப்புவதுதான். 4.10-க்கு மணி அடித்தால் 4.20 பஸ்ஸைப் பிடிக்கப் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். அதை விட்டால் அடுத்த பஸ் ஆறு மணிக்குத்தான். பெற்றோர் "பாடம் நடத்தினால் போதும்" என்கிறார்கள். பேச்சுப் போட்டி என்று அறிவித்தால் அதே இரண்டு பேர்தான் வருகிறார்கள். ஒன்றையாவது உருப்படியாக நடத்த ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

எட்டையும் ஒரே நேரத்தில் தூக்கி நிறுத்தப் பார்க்காதீர்கள். வாரம் தவறாமல் கூடுகிற மன்றமாக இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அறிவியல் மன்றத்தையும் பசுமைப்படையையும் சேர்த்து ஒன்று, இலக்கிய மன்றம் ஒன்று. மற்றவற்றுக்குப் பருவத்துக்கு ஒரு நாள் வேலை போதும், அதைப் பின்னால் சொல்கிறேன். சிறிய பள்ளிகளில் மன்றம் படுத்துவிடுவதற்குப் பிள்ளைகளின் ஆர்வத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை. கூடும் நேரம் தவறாக இருக்கும், ஆள் அதிகமாக இருக்கும், கூடினால் செய்வதற்குக் கையில் வேலை இருக்காது. இந்த மூன்றையும்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

பள்ளி விட்டபிறகு கூடும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். அப்படிக் கூடினால் பஸ்ஸில் வரும் பிள்ளைகள், அதிலும் மலையோர ஊர்களிலிருந்து வரும் பெண் பிள்ளைகள், ஒருநாளும் வர முடியாது. பள்ளியைச் சுற்றி வீடு இருப்பவர்கள் மட்டுமே உறுப்பினராவார்கள். காலையில் சீக்கிரம் வரச் சொல்வதும் உங்கள் பகுதிக்குச் சரிவராது. ரப்பர் வெட்டுக்குப் போகும் பெரியவர்கள் விடியுமுன்பே தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். தம்பி தங்கையைக் குளிப்பாட்டிக் கிளப்பிவிடுவது பல வீடுகளில் மூத்த பிள்ளையின் பொறுப்பு. ஆகவே மன்றம் பாடவேளைக்குள்ளேயே நடக்க வேண்டும். கால அட்டவணையில் நூலகம், கல்வி இணைச் செயல்பாடு என்று பெயருக்கு இருந்து, பாடம் முடிக்க எடுத்துக்கொள்ளப்படும் பாடவேளைகள் இருக்கும். அதில் ஒன்றைத் தலைமை ஆசிரியரிடம் பேசி மீட்டெடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் போதாது. அட்டவணையில் எழுதி, ஆசிரியர் அறையில் ஒட்டச் செய்யுங்கள்.

கிழமை வியாழன் நல்லது. திங்களும் வெள்ளியும் நீண்ட விடுமுறைகளோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். வெள்ளி மதியம் ஜும்மா தொழுகைக்குப் போகும் பிள்ளைகள் இருப்பார்கள். வியாழனிலும் கடைசிப் பாடவேளை வேண்டாம். பை கட்டும் அவசரத்தில் பத்து நிமிடம் போய்விடும். அதற்கு முந்தியதை வாங்குங்கள். நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறைகள் கூடுதல். மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நவம்பர் 1, கோட்டாறு சவேரியார் திருவிழா, சிவராத்திரி, மண்டைக்காடு கொடை, அய்யா வைகுண்டர் அவதார நாள் என்று வந்துகொண்டே இருக்கும். அதற்கு ஈடாகச் சனிக்கிழமை பள்ளி வைக்கும்போது, விட்டுப்போன கிழமையின் அட்டவணைதான் நடக்குமா என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே தலைமை ஆசிரியரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் கூடாமல் போன மன்றத்தைத் திரும்பக் கூட்டுவது மிகக் கடினம். ஒரு வியாழன் போனால் வெள்ளிக்கிழமை காலை இடைவேளையில் பத்து நிமிடமாவது கூட்டி, அடுத்த வார வேலையைச் சொல்லி அனுப்புங்கள்.

ஒரு மன்றத்துக்கு 20 முதல் 24 பேர். இதற்கு மேல் சேர்த்தால் எட்டுப் பேர் வேலை செய்ய மற்றவர்கள் நின்று பார்ப்பார்கள். நாலு குழு, குழுவுக்கு ஐந்தாறு பேர். ஒவ்வொரு குழுவிலும் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கலந்திருக்கட்டும். ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டு பேர் கற்றுக்கொள்பவர்களாக வரலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே கொடுக்காதீர்கள். மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு செய்கிற வேலையை உயர்நிலைப் பள்ளியில் செய்யப் பெரிய வகுப்பு கிடையாது. பத்தாம் வகுப்பைத் தலைமேல் வைத்தால் அரையாண்டுத் தேர்வோடு மன்றமும் நின்றுவிடும். செயலர் ஒன்பதாம் வகுப்பு, துணைச் செயலர் எட்டாம் வகுப்பு. அடுத்த ஜூனில் துணைச் செயலர் தானாகவே செயலராவார். இந்த ஓர் ஏற்பாடு இருந்தால், நீங்கள் மாறுதலில் போனாலும் மன்றம் நடக்கும்.

இனி வேலை. அறிவியல் மன்றத்துக்கு நான் முதலில் சொல்வது மழை அளப்பது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் நம்முடையது. ஜூனில் பள்ளி திறந்ததும் மழையும் கூடவே வந்துவிடுவதால் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலிருந்தே அளக்க ஏதாவது இருக்கும். 2017-இல் ஒக்கி புயல் அடித்ததை வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு மழைக் கணக்கு வெறும் கணக்காகத் தெரியாது.

மழைமானிக்கு இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் போதும். நடுப்பகுதி வரிவரியாக இல்லாமல் நேராக இருக்கும் பாட்டிலாகத் தேர்ந்தெடுங்கள். இடுப்பு ஒடுங்கியதில் அளவு தப்பும். கழுத்துச் சரிவு முடிகிற இடத்தில் சுற்றி வெட்டி, மேல்பாகத்தைத் தலைகீழாகப் பாட்டிலின் வாய்க்குள் கவிழ்த்தால் அதுவே புனல். மூடியைக் கழற்றிவிட வேண்டும். அடிப்பாகம் குமிழ் குமிழாக இருப்பதால் அங்கிருந்து அளக்க முடியாது. கைப்பிடியளவு சிறு கல் போட்டு, பக்கச்சுவர் நேராகத் தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பெர்மனன்ட் மார்க்கரால் பூஜ்யம் என்று கோடு போடுங்கள். அதிலிருந்து மேலே மில்லிமீட்டர் அளவுகோலை ஜெராக்ஸ் எடுத்து, பூஜ்யத்தைக் கோட்டோடு பொருத்தி, அகலமான செல்லோ டேப்பால் முழுக்க மூடி ஒட்ட வேண்டும். புனல் வாயும் பாட்டிலும் ஒரே விட்டம் என்பதால் கோட்டுக்கு மேல் நிற்கும் தண்ணீரின் உயரமே மழையின் அளவு. ஒவ்வொரு நாளும் அளந்த பிறகு தண்ணீரைப் பூஜ்யக் கோட்டுக்கு இறக்கிவிட வேண்டும். மழையில்லாத நாளில் ஆவியாகிக் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் ஊற்றிச் சரிசெய்ய வேண்டும். இதை மறந்தால்தான் மழைக் கணக்கு குறைவாக வரும். பெரும்பாலான பள்ளி மழைமானிகள் தப்பாகக் காட்டுவது இங்கேதான். இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும். நிற்கிற தண்ணீரில் கொசு முட்டையிடாதிருக்க, திங்களும் வியாழனும் முழுக்கக் கொட்டிக் கழுவிப் புதுத் தண்ணீர் வையுங்கள்.

வைக்கும் இடம் அடுத்த சிக்கல். பக்கத்தில் இருக்கும் மரமோ கட்டிடமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைக்க வேண்டும். 15 மீட்டர் தென்னை என்றால் 30 மீட்டர். தென்னையும் பலாவும் சூழ்ந்த பள்ளி வளாகத்தில் இப்படி ஓர் இடம் கிடைப்பதே அரிது. விளையாட்டு மைதானத்தின் ஓரத்தை அளந்து பாருங்கள். மொட்டைமாடியில் காற்று துளிகளைத் தள்ளிக்கொண்டு போவதால் குறைவாக விழும்; பிள்ளைகள் தனியாக மாடியேறுவதும் ஆபத்து. வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்திலாவது இருக்கட்டும், தரையில் பட்டுத் தெறிப்பது உள்ளே விழாது. நாலு செங்கல்லை அடுக்கி நடுவில் செருகினால் காற்றில் சாயாது.

தினமும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். வானிலைத் துறையின் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. உங்களுக்கு 9.15 தான் முடியும் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், மாற்றாதீர்கள். சனி, ஞாயிறு அளக்காவிட்டால் திங்களன்று நிற்கும் தண்ணீரை மூன்றால் வகுத்து எழுதுவது பெரிய தவறு. "3 நாள் மொத்தம்" என்றே எழுதச் சொல்லுங்கள். கனமழை எச்சரிக்கை வந்த நாளில் மாலையில் மணி அடிக்குமுன் ஒருமுறை அளந்து கொட்டிவிட்டு, மறுநாள் காலை அளவோடு கூட்டிக்கொள்ளட்டும். 100 மி.மீ.க்கு மேல் ஒரேயடியாகப் பெய்தால் இந்தப் பாட்டில் தாங்காது. வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கும் என்பதால் பருவத்துக்கு ஒரு புதுப் பாட்டில்.

உள்ளூர்ப் பதிப்பு நாளிதழ்களில் பாலமோர், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, தக்கலை, இரணியல் என்று இடவாரியாக மழையளவு வருகிறது. அதை வெட்டி ஒட்டித் தங்கள் அளவோடு ஒப்பிடுவது வியாழன் வேலை. வரைபடத் தாளில் 1 செ.மீ.க்கு 10 மி.மீ. என்று பட்டை வரையலாம். மலையிலுள்ள பாலமோரில் 40 மி.மீ., நம் பள்ளியில் 6 ஏன் என்று ஒரு பிள்ளை கேட்கும். மலைச் சரிவில் காற்று ஏறிக் குளிர்வதை அன்றைக்கே நடத்திவிடுங்கள். அரசின் வானவில் மன்றத் திட்டத்தில் பள்ளிக்கு வரும் கருத்தாளர் ஆறு முதல் எட்டாம் வகுப்புக்குச் செய்துகாட்டிப் போகும் சோதனைகளையும், அடுத்த வியாழன் பிள்ளைகளே ஒருமுறை செய்து பார்க்க விடுங்கள். பார்த்ததைவிடச் செய்தது நிற்கும். மாணவரின் புது யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்கான யோசனைகளும் இப்படித்தான் முளைக்கும். தேர்வானால் மாதிரி செய்ய மாணவருக்கு 10,000 ரூபாய் கிடைக்கும். பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கும் பள்ளிப் பதிவேட்டுப் பெயரும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

மழை குறையும் ஜனவரி, பிப்ரவரியில் பறவைக் கணக்கு எடுக்கலாம். பள்ளி வளாகத்திலேயே 15 நிமிடம் நின்று கண்டவற்றை எழுதுவது. ஒரு குழுவுக்கு ஒரு மூலை. இதில் இரண்டு தவறு வழக்கமாக வரும். ஒரே காக்கை மூன்று முறை பறந்து வந்தால் மூன்று என்று எழுதிவிடுவார்கள். ஒரே பார்வையில் சேர்ந்து தெரிந்த அதிகபட்ச எண்ணிக்கையை எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது, சிறியதெல்லாம் "குருவி" ஆகிவிடும். பெயர் தெரியாவிட்டால் "தெரியாத பறவை 1" என்று போட்டு அளவு, அலகு, வால், உட்கார்ந்த இடம் நாலையும் எழுதினால் போதும்; தேன்சிட்டா தையல்சிட்டா என்று பிறகு படம் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பொங்கலையொட்டி நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் வீட்டிலிருந்தே சேர்ந்துகொள்ளலாம். வெளியே கூட்டிப்போக வேண்டுமானால் சுசீந்திரம், தேரூர் குளங்கள் இருக்கின்றன. 2022-இல் ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. வலசைப் பறவைகள் இருக்கும்போது, பிப்ரவரிக்குள் போவது நல்லது. தலைமை ஆசிரியர் வழியாக முன் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், அதில் ஒருவராவது பெண். கரையில் நின்று பார்ப்பதோடு சரி, எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள்.

இலக்கிய மன்றத்துக்குச் சுவரிதழ். இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஒரு சார்ட் தாள் ஏறத்தாழ 71 செ.மீ. அகலம், 56 செ.மீ. உயரம். ஏ4 தாளைப் பாதியாக வெட்டினால் மேலே நாலு, கீழே நாலு என எட்டுத் துண்டு உட்காரும். தலைப்புக்கு 10 செ.மீ. மிஞ்சும். ஒரு துண்டில் நின்று படிக்கிற அளவு எழுத்தில் 50 சொல்தான் கொள்ளும். அந்த வரம்பை இளக்காதீர்கள். 50 சொல் என்றால் எழுதத் தயங்கும் பிள்ளையும் எழுதும், நீட்டி எழுதும் பிள்ளை வெட்டக் கற்றுக்கொள்ளும். ஜெல் பேனா நம் ஊர் ஈரத்தில் கசிந்து பரவும். பால்பாயின்ட் பேனா போதும். பசை வேண்டாம், தெர்மோகோல் பலகையில் குண்டூசி. ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக, தரையிலிருந்து 125 செ.மீ. உயரத்தில் தாளின் நடு இருக்கட்டும். சாரல் அடிக்காத பக்கத்து வராந்தாவாகப் பாருங்கள்.

சுவரிதழைக் கெடுப்பது பொது அறிவுத் துணுக்கும் நாளிதழில் பார்த்து எழுதிய கவிதையும். ஒரே விதி வையுங்கள்: அந்த இரண்டு வாரத்துக்குள் தானே கண்டது அல்லது ஒருவரிடம் நேரில் கேட்டது மட்டும். ரப்பர் பால் ஏன் விடியுமுன் வெட்டப்படுகிறது, ஆசிட் ஊற்றி உறைந்தது எப்படி ஷீட் ஆகிறது, மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டி உறைந்த ஒட்டுப்பாலை யார் வாங்குகிறார்கள் என்று வீட்டில் கேட்டு வரலாம். தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ விலை ஏறிய நாளில் ஊரில் என்ன விசேஷம் என்று பார்க்கலாம். உங்கள் 4.20 பஸ்ஸின் கண்டக்டரிடம் மூன்று கேள்வி கேட்கலாம். ஆசிரியர் திருத்தலாம், ஆனால் மாற்றி எழுதக் கூடாது. பிழைக்கு அடியில் பென்சிலில் கோடு போட்டுக் கொடுங்கள், பிள்ளையே திருத்தட்டும். அழகான கையெழுத்துள்ள ஒருத்தியை எல்லாவற்றையும் எழுதவைத்தால் மற்றவர்களுக்கு இதழ் அந்நியமாகிவிடும். அவரவர் எழுத்திலேயே இருக்கட்டும்.

அதே இரண்டு பேர் பேசுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பேச்சுப் போட்டி, ஏற்கெனவே பேசத் தெரிந்தவர்களை அடையாளம் காட்டும். அதனால் மற்றவர்களுக்குப் பேச்சு வந்துவிடாது. நாலு வாரப் பயிற்சி வேண்டும். முதல் வாரம் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு பத்தியை வாசித்துக் காட்டுதல். இரண்டாம் வாரம் ஐந்து பேர் குழுவுக்குள் உட்கார்ந்தபடியே ஒரு நிமிடம். மூன்றாம் வாரம் அதே பேச்சை அதே குழுவுக்கு முன் எழுந்து நின்று. நாலாம் வாரம் மன்றம் முழுவதற்கும் முன்னால் ஒன்றரை நிமிடம். சீட்டுக் குலுக்கி வரிசை போடுங்கள், யாரும் "நீ போ" என்று தள்ளக் கூடாது. எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைக்கும் பழக்கம்தான் இங்கே பெரிய கேடு. நடுவில் ஒரு சொல் மறந்தால் பிள்ளை உறைந்துபோய் நிற்கும், அடுத்த ஐந்து வருடம் மேடையேறாது. கையில் மூன்று சொல் மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு இருக்கட்டும். தலைப்பு "எங்கள் ஊர்க் குளம்", "அம்மா வேலைக்குப் போகும் வழி" போல, தகவல் தேட வேண்டாத தலைப்பாக இருக்கட்டும். வீட்டுப் பேச்சின் சாயல் வந்தால் மேடையில் திருத்தாதீர்கள்.

மற்ற மன்றங்களுக்கு நாள் குறிக்கும்போது காலண்டரைப் பார்த்துக் குறியுங்கள். தேசிய நுகர்வோர் நாள் டிசம்பர் 24. அப்போது அரையாண்டு விடுமுறை. ஆகவே நுகர்வோர் மன்றத்தின் வேலையை, கடைப் பொருள்களின் அட்டையில் தேதி, எடை, விலை பார்ப்பதை, நவம்பரிலேயே முடியுங்கள். சாலைப் பாதுகாப்புக்கு ஜூலையில் ஒரு நாள் பள்ளி வாசலில் 4.10 முதல் 4.20 வரை எத்தனை வண்டி போகிறது என்று உள்ளே நின்று எண்ணலாம். அந்தக் கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்தால் வேகத்தடை கேட்க ஓர் ஆதாரம். ஜே.ஆர்.சி.க்கு முதலுதவிப் பெட்டியைச் சரிபார்த்துக் காலாவதியானதை மாற்றுவதே நல்ல வேலை. ஒவ்வொன்றும் உண்மையாக நடந்த ஒரு வேலை என்பதால் அறிக்கை எழுதத் தயங்க வேண்டியிருக்காது.

பதிவுக்கு ஒரு நீள நோட்டு, கூட்டத்துக்கு ஆறே வரி: தேதி, வந்தவர், செய்தது, யார் செய்தார், மிச்சம், அடுத்த வாரப் பொறுப்பு. எழுதுவது பிள்ளை, கையெழுத்து மட்டும் உங்களுடையது. மேலிடம் கேட்கும் அறிக்கையை இதிலிருந்தே எடுக்கலாம். போட்டோவில் பிள்ளைகளின் முகத்தைவிட வேலை தெரியட்டும். பெற்றோர் சம்மதமில்லாமல் வெளிக் குழுக்களில் போட வேண்டாம். செலவு சார்ட், நோட்டு, மார்க்கர், குண்டூசி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானமாக எழுதிப் பள்ளி மானியத்திலிருந்து கேளுங்கள். உங்கள் கைப்பணத்தைப் போடாதீர்கள், அப்படி ஓடும் மன்றம் உங்களோடு போய்விடும்.

பெற்றோரிடம் "மதிப்பெண் கூடும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அதை நீங்கள் நிரூபிக்க வேண்டிவரும். வாரம் ஒரு பாடவேளை, ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் 30 மணி நேரத்தைத் தாண்டாது, பஸ் தவறாது, பத்தாம் வகுப்புக்கு இது கிடையாது என்று மூன்றையும் சொல்லுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தை, சுவரிதழ் தொங்கும் வராந்தாவில் வையுங்கள். தன் பிள்ளை கேட்டு எழுதிய 50 சொல்லில் தன் தொழில் இருப்பதைப் படிக்கும் தகப்பனாருக்கு நாம் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

முதல் வியாழனுக்கு ஓர் உரையும் வேண்டாம், தொடக்க விழாவும் வேண்டாம். இரண்டு லிட்டர் பாட்டில் நாலு, கத்தரிக்கோல் இரண்டு, அளவுகோல் ஜெராக்ஸ் நாலு, டேப் ஒன்று மேசைமேல் இருக்கட்டும். குழுவுக்கு ஒன்று செய்து, நாலிலும் ஒரே டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அளவு ஒத்துவராத பாட்டிலில் எங்கே தப்பு என்று பிள்ளைகளே தேடட்டும். சரியாகக் காட்டுகிற இரண்டை மைதானத்தில் வைத்துவிட்டு, மறுநாள் 9.15-க்கு யார் அளப்பது என்று பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.